கையுறையோடு தொட்டவர்

1941. மாலை ஐந்தே முக்கால்.

ஹாங்காங் தீவின் மேற்குக் கரையில் ஒரு சாலை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நடுவில் ஒரே ஒரு கார். போர்க்கால உத்தரவுப்படி முன்விளக்குகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சம் தரையில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் விழுந்தது. எதிரே வண்டி இல்லை. ஆள் இல்லை. கடல் மட்டும் கீழே எங்கோ கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த அறையின் விளக்கையும் அப்படியே விடுங்கள். ஏற்ற வேண்டாம்.

காரை ஓட்டியது டேவி மான்சன். இதோ இங்கே உட்கார்ந்திருக்கிற நம் ரோரியின் சித்தப்பா. ரோரி அப்போது பிறக்கவே இல்லை, ஆகையால் டேவி என்றே சொல்வோம். இதை ரோரிக்குச் சொன்னது டேவியின் மகள் எஃபி. அவள் கதை கட்டுகிறவள் இல்லை.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் டேவியின் முதலாளி, மேக்னஸ் பட்ஜ். ஸ்காட்லாந்தின் வடகோடியில், விக் ஊரில், மீன் பீப்பாய் செய்கிறவருக்குப் பிறந்தவர். இளம் வயதில் கப்பலேறி வந்து, கிடங்குகளும் சட்டசபையில் ஒரு நாற்காலியும் சம்பாதித்தவர். போர் இங்கேயும் வந்தால் ஊருக்குச் சோறு வேண்டுமே என்று அரசு உணவுக் கையிருப்புக் குழு ஒன்றைப் போட்டது. குழுவுக்குத் தலைவர் பட்ஜ். கையிருப்பை அரசுக்கு விற்றவரும் பட்ஜ். யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. தன்னலம் கருதாத சேவை என்று பத்திரிகை எழுதியது.

இருவரும் சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செத்தது ஹெக்டர் ஸ்வான்சன். பட்ஜின் கிடங்குக்காரர். அவரும் விக் ஊர்தான். அவர் எப்படிச் செத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கையிருப்பில் பாதி, டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி. பழைய சரக்கு. கோடை வெயிலில் டப்பாக்கள் உப்பின. மூடி பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி மேலே எழும்பி நின்றது. உப்பினால் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம். கடலில் கொட்ட வேண்டியதுதான். பட்ஜ் கொட்டவில்லை. ஆணியால் ஒரு துளை போட்டார்கள். உஸ்... என்று காற்று வெளியே வந்தது. மூடியை அமுக்கி, துளையில் ஈயத்தை உருக்கிப் பொட்டு வைத்து அடைத்தார்கள். வேலையைச் செய்த கூலியாட்கள் மூக்கில் இஞ்சித் துண்டைச் செருகிக்கொண்டார்கள்.

கிடங்கைப் பார்க்கக் குழு வந்தது. ஒருவர் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பினார். "இது என்ன பொட்டு?" என்றார்.

பட்ஜ் சிரித்தார். அந்த டப்பாவையே வாங்கித் திறந்தார். முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தி எடுத்தார். குழு அவர் வாயையே பார்த்தது. அவர் கரண்டியை ஹெக்டரிடம் நீட்டினார்.

"எங்க ஊர்க்காரன். நல்ல கறி எதுன்னு இவனைவிட யாருக்குத் தெரியும்? சாப்பிடு ஹெக்டர்."

ஹெக்டர் கரண்டியைப் பார்த்தார். பட்ஜைப் பார்த்தார். பிறகு வாசலருகே நின்ற டேவியைப் பார்த்தார். டேவிக்கு எல்லாம் தெரியும். டேவி தன் காலணியைப் பார்த்தான்.

ஹெக்டர் சாப்பிட்டார். பட்ஜ் விடவில்லை. முழு டப்பா. அடியில் ஒட்டியிருந்த கொழுப்புவரை.

"பாத்தீங்களா, நக்கிட்டான்" என்றார் பட்ஜ். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஹெக்டருக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் இமைகள் விழுந்துவிட்டன. மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விரலால் இமையைத் தூக்கிக்கொள்வார். நாக்கு தடித்தது. கொடுத்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வந்தது. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவு. மருத்துவர் பக்கவாதம் என்று எழுதினார். அவர் பட்ஜோடு சீட்டாடுகிறவர்.

சரி. சாவு வீடு.

கிடங்குக்கு மேலே இரண்டு அறை. ஹெக்டரின் மனைவி இஸ்பெல் வாசலில் நின்றாள். போன வருஷம் வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியபோது, செவிலி வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் புருஷனோடு தங்கியவள். கண்ணாடிமேல் துணி போட்டிருந்தாள். ஹெக்டரின் மார்பில் ஒரு தட்டு உப்பு. மேசையில் விஸ்கி, ஓட்ஸ் ரொட்டி. விக் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து சீட்டாடினார்கள். எங்கள் விக் ஊரில் பிணத்தைத் தனியாக விடுவதில்லை. அழுதுகொண்டும் உட்காருவதில்லை.

"பக்கத்துல ஓசி விஸ்கி இருந்தும் ஹெக்டர் எந்திரிக்காம படுத்திருக்கிறது இதுதான் முதல் தடவை" என்றார் கப்பல் பட்டறை பிரெம்னர்.

"சும்மா இரு பிரெம்னர். எந்திரிச்சிடப் போறாரு" என்றாள் இஸ்பெல். சிரித்தாள்கூட.

இன்னொரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்குப் போனால் பிணத்தின் நெற்றியைத் தொட வேண்டும். வெறுங்கையால். தோலில் தோல் பட வேண்டும். தொட்டவனைச் செத்தவர் தேடி வரமாட்டார். தொடாதவன்... தொடாத ஒருவன் இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

டேவி போய்த் தொட்டான். ஈரக் களிமண்போல் இருந்தது. கையை உடனே எடுக்கவில்லை. எடுக்க வெட்கமாக இருந்தது.

அடுத்து பட்ஜ். சாம்பல்நிற ஆட்டுத்தோல் கையுறையோடு கையை நீட்டினார்.

"அதைக் கழட்டிட்டுத் தொடுங்க, மிஸ்டர் பட்ஜ்" என்றாள் இஸ்பெல்.

"கையில சிரங்கு இஸ்பெல். எதுக்கு வம்பு."

"செத்தவனுக்குச் சிரங்கு ஒட்டாது மேக்னஸ்" என்றார் பிரெம்னர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரங்கு எதுவும் இல்லை. டேவிக்குத் தெரியும். ஹெக்டரின் வாய் சற்றே திறந்திருந்தது. அங்கிருந்து ஒரு வாடை வந்தது. பட்ஜுக்கு அதுதான் அருவருப்பு. தான் ஊட்டிய வாய் என்ற நினைப்புகூட இல்லை. சட்டிச் சூடு பார்க்கிறவர்போல் ஒரே ஒரு விரலை, கையுறையோடு, நெற்றியில் வைத்து எடுத்தார்.

"போதும். போயிட்டு வாங்க" என்றாள் இஸ்பெல்.

திரும்பும் வழியில் பட்ஜ் காரின் ஜன்னலை இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"என்னடா நாத்தம்?"

"கடல் வத்தியிருக்கு சார்."

"கடல் இல்லடா."

டேவி வண்டியை விரட்டினான். அது கடல் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வாரம் ஸ்காட்லாந்துக்காரர் சங்கத்தின் மதிய விருந்து. சங்கத் தலைவர் பட்ஜ். வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அரசியல்வாதிக்குக் கைதானே முதல். டேவி பக்கத்தில் நின்று பார்த்தான். கை கொடுத்தவர் நாலடி போவார். நிற்பார். கால்சட்டையில் உள்ளங்கையைத் துடைப்பார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலை மூக்கருகே கொண்டுபோவார். ஒருவர் இல்லை, அத்தனை பேரும்.

ஆட்டு இரைப்பையில் ஈரலும் ஓட்ஸும் திணித்து அவித்ததைப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் கத்தியை எடுக்கவில்லை. ஒரு கர்னல் சீனச் சமையல்காரரைக் கூப்பிட்டு, கெட்டதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய் என்று திட்டினார். சமையல்காரர் குனிந்து தட்டை முகர்ந்தார். நிமிர்ந்தார். மேசையின் நீளத்துக்கும் பார்த்து, கடைசியில் பட்ஜின் வலது கையில் பார்வையை நிறுத்தினார். உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பட்ஜ் டேவிக்குக் கையைக் காட்டினார்.

புண் இல்லை. காயம் இல்லை. தோல் முழுவதும் ஒரு பாகு... டப்பாவைத் திறந்ததும் மேலே தளதளவென்று நிற்குமே, அது. இடையிடையே வெள்ளைக் கொழுப்புத் திட்டுகள். துடைத்தால் போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கசியும். கார்பாலிக் சோப்பு, வினிகர், பிராந்தி, எதற்கும் நிற்கவில்லை.

மறுபடி கையுறை போட்டார். இந்த முறை கெட்டித் தோலில், மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுகிற மாதிரி. அது கொஞ்ச நாள் தாங்கியது. ஒரு மத்தியானம் அலுவலகத்தில் இருந்து டேவியைக் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். கையை மேசைமேல் வைத்தார்.

கையுறை உப்பியிருந்தது. ஐந்து விரலும் பசுவின் மடிக்காம்புபோல் விறைத்து நின்றன. தையல் ஒவ்வொன்றாகத் தெறித்துக்கொண்டிருந்தது. டிக்... டிக்...

"குத்து" என்றார் பட்ஜ்.

"சார்..."

"குத்துடா. கை வெடிச்சிடும்போல இருக்கு."

டேவி கழுத்துப்பட்டை ஊசியை உருவிக் குத்தினான். உஸ்... என்று வந்தது. கிடங்கில் கேட்ட அதே சத்தம். அதே வாடை. டேவி ஜன்னலுக்கு ஓடி வெளியே வாந்தியெடுத்தான். கீழே தெருவில் யாரோ கத்தினார்கள். அவன் திரும்பியபோது பட்ஜ் சுருங்கிய கையுறையை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"அடைச்சிடு" என்றார். "எதையாவது வச்சு அடைச்சிடு டேவி."

அவர் விளையாடவில்லை. அதைச் சொன்னபோது அவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது தெரியவும் இல்லை. அதுதான் டேவிக்கு வாந்தியைவிடக் குமட்டியது.

இதற்கிடையில் இஸ்பெல் சும்மா இருக்கவில்லை. நீதிபதியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் விசாரணை வைத்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: டப்பாக்கள் தின்னத் தக்கவையா, இல்லையா? தக்கவை என்று கம்பெனி சத்தியம் செய்தால், சரக்கு அன்றே பதுங்கு சுரங்கங்களுக்குள் போகும். குண்டு விழுந்தால் சீனக் குடும்பங்கள் உள்ளே ஓடும். உள்ளே அவர்களுக்கு வேறு சாப்பாடு கிடையாது.

பட்ஜ்தான் சத்தியம் செய்ய வேண்டும். அங்கே ஒரு சிக்கல். இங்கிலாந்துக்காரன் வேத புத்தகத்தைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்வான். ஸ்காட்லாந்துக்காரர்கள் நாங்கள் புத்தகத்தைத் தொடுவதில்லை. வலது கையை வெறுங்கையாக, தலைக்குமேல் தூக்குவோம். சட்டசபையில் பட்ஜ் இதைப் பெருமையாகச் சொல்லிக்காட்டியிருக்கிறார். 'கடவுள் பார்க்கட்டும் என்று தூக்குகிறோம், எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை.' பத்திரிகையில் படத்தோடு வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் பட்ஜ் டேவியை உட்காரவைத்து விஸ்கி ஊற்றினார். இடது கையால்.

"நாளைக்குக் கம்பெனி சார்பா நீ போய்ச் சொல்லு."

"நானா சார்?"

"உன் கை சுத்தம். நீ அவனை ஒழுங்காத் தொட்டவன். உன்ன அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

வழக்கத்தை மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்கிற மனிதர். தேவாலயத்தில் மூப்பர்.

"ஜீனும் குழந்தையும் சிட்னியிலதான இருக்காங்க?" என்றார் பிறகு. "எஃபிக்கு இப்ப என்ன வயசு?"

டேவி கிளாஸைப் பார்த்தான். மனைவியும் மகளும் போய் ஒன்றரை வருஷம். ஆண்கள் ஊரைவிட்டுப் போக அனுமதி இல்லை. அனுமதி கொடுக்கிற குழுவிலும் பட்ஜ் இருந்தார்.

"ஆறு, சார்."

"அப்பா முகமே மறந்திருக்கும். சனிக்கிழமை ஒரு கப்பல் போகுது."

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் நீதிமன்ற வராந்தாவில் இஸ்பெல் காத்திருந்தாள். செவிலிச் சீருடை. டேவியின் கையைப் பிடித்தாள்.

"நீ அவரைத் தொட்டியே டேவி. வெறுங்கையால தொட்ட. உனக்கு என்ன பயம்? உள்ளதைச் சொல்லு. அவரு உன் முகத்தப் பாத்துட்டுதான் சாப்பிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாரு. பேச்சு இருந்த வரைக்கும்."

உள்ளே கூப்பிட்டார்கள்.

டேவி கூண்டில் ஏறி வலது கையைத் தூக்கினான். நல்ல கை. உலர்ந்த கை. ஜன்னல் வெளிச்சத்தில் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. உண்மையைச் சொல்வேன் என்றான். கடவுளுக்கு முன்னால் சொல்வேன் என்றான். சொல்லிவிட்டுக் கூடத்தைப் பார்த்தான்.

கடைசி பெஞ்சில் ஹெக்டர் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு. கைகள் மடியில். இமைகள் மூடியிருந்தன. பக்கத்தில் இருந்த ஆள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். ஹெக்டர் மெதுவாக ஒரு விரலைத் தூக்கி, வலது இமையை மேலே ஏற்றி, டேவியைப் பார்த்தார். கோபம் இல்லை. கிடங்கில் பார்த்தாரே, அதே பார்வை.

"அந்த டப்பாக்கள் மனிதர் உண்ணத் தக்கவையா?" என்றார் நீதிபதி.

முன்வரிசையில் இஸ்பெல். அவளுக்கு அப்பால் பட்ஜ், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி.

டேவிக்கு எஃபியின் முகம் நினைவுக்கு வரவில்லை. முயன்று பார்த்தான். வரவே இல்லை.

"நல்ல சரக்குதான், ஐயா" என்றான்.

சொன்ன அந்த நொடி நாக்கின்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஒரு கரண்டி அளவு. குளிர்ந்து, வழவழப்பாக. விழுங்கினான். போகவில்லை. மறுபடி விழுங்கினான். அது நாக்கின்மேல் இடத்தைச் சரிசெய்துகொண்டு, அடங்கியது. கடைசி பெஞ்சில் ஹெக்டர் இல்லை.

இஸ்பெல் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அவனைத் திட்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் சரக்கு சுரங்கங்களுக்குப் போய்விட்டது. டிசம்பரில் குண்டு விழுந்தது. உள்ளே ஓடியவர்கள் என்ன தின்றார்கள், அதில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. அதற்கு எந்தக் குழுவும் போடவில்லை.

குண்டு விழுவதற்கு முன்பே, விசாரணை நடந்த அந்த வாரச் சனிக்கிழமை, கப்பல்துறைக்கு பட்ஜ் வழியனுப்ப வந்தார். கையுறை இல்லை. தூரத்திலிருந்தே வலது கையை ஆட்டிக்கொண்டு வந்தார். வெள்ளையாக, சுத்தமாக, சோப்பு மணத்தோடு இருந்தது.

"பாத்தியா டேவி? கூண்டை விட்டு நீ இறங்குறதுக்குள்ள காஞ்சு போச்சு. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

டேவியின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். பிறகு டேவி "வரேன் சார்" என்றான்.

பட்ஜ் ஓரடி பின்னால் போனார். மூக்கைச் சுருக்கினார். டேவியின் வாயைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் அந்த மனிதர் செய்ததைக் கேளுங்கள். கைக்குட்டையை எடுத்து, டேவி குலுக்கிய தன் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

கப்பலில் முதல் வேளை டேவியின் மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். அடுத்த நாள் இரண்டு பேர். அதற்கடுத்த நாள் அவன் மட்டும். உப்புத் தண்ணீரால் கொப்பளித்தான். ஜின்னால் கொப்பளித்தான். ஈறு கிழிந்து ரத்தம் வருகிறவரை தேய்த்தான். அவன் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. நாக்கின்மேல் அந்தக் கனம் மட்டும் இருந்தது. பேசினால் அது கொஞ்சம் நகரும்.

கப்பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டார்ச்சை அணைத்து, முதுகைத் திருப்பி, வெகுநேரம் கை கழுவினார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் சுவரைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவர் டேவி வருகிற பக்கம் வரவில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். டேவி பேசுவதை நிறுத்தினான். மூடிய வாயோடு சிட்னி போய்ச் சேர்ந்தான்.

காலை நேரம். நல்ல வெயில். துறைமுகத்தில் ஜீன் நின்றாள். நீல நிற உடுப்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எஃபி. வளர்ந்திருந்தாள். முன்பல் விழுந்திருந்தது. டேவி ஒரு முடிவோடுதான் படியிறங்கினான். வாயைத் திறப்பதில்லை. தலையை ஆட்டிக்கொள்ளலாம். சிரித்துக்கொள்ளலாம். தொண்டை சரியில்லை என்று எழுதிக் காட்டலாம்.

குழந்தை அவனை அடையாளம் கண்டுகொண்டாள். கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். அவன் மண்டியிட்டு அவளைத் தூக்கினான். தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். இதற்காகத்தானே எல்லாம். தாங்க முடியவில்லை.

"எஃபி" என்றான்.

அவள் அழவில்லை. பயப்படவும் இல்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"யாரும்மா அது, அப்பா வாய்க்குள்ள?"